மீன் தலைக்கு ஒரு தரம்

என் அத்தை வாயைத் திறந்தால் தெருமுனைப் பால் பூத்தில் நிற்கிறவர்கூடத் திரும்பிப் பார்ப்பார். கோபத்தில் கத்துகிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டில் கொஞ்சம் புளி கேட்பதே அந்தச் சத்தத்தில்தான். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவளுக்குக் குரல் வேறு எப்படி இருக்கும்? விடியும் நேரத்தில் படகுகள் வந்து நிற்கும். எஞ்சின் சத்தம், ஐஸ் உடைக்கிற சத்தம், மீன் வாங்க வந்தவர்களின் சண்டை, தலைக்கு மேல் காக்கா சத்தம். அத்தனைக்கும் மேலே ஏறி நின்று, "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று அவள் கூவினால் கடைசியில் நிற்கிற வண்டிக்காரர் வரைக்கும் கேட்கும். மைக்காவது ஒன்றாவது! எல்லாம் தொண்டைதான்.

அவள் என் அப்பாவுக்கு அக்கா. முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு அறையில் இருந்தாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அவளே போய்ச் சேர்ந்தும் கொஞ்ச காலம் ஆகிவிட்டது. ஆனால் அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு என்னமோ இன்னும் படபடவென்று வருகிறது. மெதுவாகச் சொல்ல வராது. அவளே மெதுவாக ஒன்றும் செய்ததில்லையே!

துறைமுகத்திலிருந்து வந்ததும் தலைக்குக் குளிப்பாள். அரை டப்பா பவுடரைக் கழுத்திலும் முதுகிலும் கொட்டிக்கொள்வாள். ஆனாலும் மீன் வாசனை போகாது. மீனும் பவுடரும் சேர்ந்த ஒரு வாசனை அவளுக்கு முன்னால் வந்துவிடும். வாசனை வந்தது என்றால் அடுத்த நிமிஷம் குரல் வரும். குரல் வந்தது என்றால் வீட்டில் யாரும் சும்மா இருக்க முடியாது.

எதையும் சும்மா தூக்கிக் கொடுக்க அவளுக்கு வராது. எல்லாவற்றையும் ஏலம் விட வேண்டும். கடைசி இட்லி, ஃபேனுக்கு நேரே இருக்கிற இடம், கிறிஸ்மஸ் கேக்கில் முந்திரி அதிகமாக இருக்கிற மூலை, எல்லாமே ஏலம்தான். காசுக்கு இல்லை. எங்கள் வீட்டு ஏலத்தில் கேட்கிற விலையே வேறு. அன்றைக்கு யாருக்குப் பெரிய அசிங்கம் நடந்ததோ, அவர்களுக்குத்தான் பொருள்.

ஆமாம், அசிங்கம். சரியாகத்தான் சொல்கிறேன்.

சாயங்காலம் ஏழு மணிக்கே எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு. விடியுமுன் எழுந்து போகிறவள் சீக்கிரம் படுக்க வேண்டுமே. ஏழானால் குழம்புச் சட்டி மூடியைக் கரண்டியால் தட்டுவாள். எல்லா போனும் ஃபிரிட்ஜ் மேலே போய்விட வேண்டும், அவளுடையதும் சேர்த்து. எல்லாரும் தரையில் வட்டமாக உட்காருவோம். நடுவில் குழம்புச் சட்டி. அவள் மீன் தலையைக் கரண்டியில் தூக்கிப் பிடிப்பாள். கொடுவாத் தலை என்றால் அவள் கண்ணே பளபளக்கும்.

"தோ, தல வந்துடிச்சி! இன்னிக்கு யாருக்குப் பெரிய அசிங்கம்? சொல்லு, சொல்லு, சொல்லு!"

நாங்கள் சொல்ல வேண்டும். போட்டி போட்டுக்கொண்டு சொல்ல வேண்டும். ஜெயித்தவருக்குத் தலை. தோற்றவர்களுக்கு நடுத்துண்டு. "எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொன்னால் வால். "ஒண்ணுமில்லன்னா வாலு" என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதில் அப்பீலே கிடையாது.

இது எப்படி ஆரம்பித்தது என்றால், அப்பாவால்தான். அப்பா டவுன் பஸ் கண்டக்டர். ஒருநாள் வீட்டுக்கு வந்தவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அம்மா கேட்டாள், பதில் இல்லை. நான் கேட்டேன், "போ அந்தாண்ட" என்றார். அத்தை மீன் தலையைக் கரண்டியில் எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"டேய் தம்பி, சொன்னா தல ஒனக்கு. சொல்லலன்னா நான் தின்னுடுவேன். ஒரு தரம்..."

"அக்கா, நீ சும்மா இரு."

"ரெண்டு தரம்..."

அப்பாவுக்குத் தலை என்றால் உயிர். மெதுவாகச் சொன்னார். பஸ்ஸில் நல்ல கூட்டம். கம்பியைப் பிடித்தாற்போல ஒரு அம்மா, பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. "டிக்கெட் வாங்கும்மா" என்றிருக்கிறார். பதில் இல்லை. மறுபடியும் கேட்டிருக்கிறார். கோபம் வந்து, "காது கேக்குதா இல்லியா? மரியாத வேணாம்?" என்று சத்தம் போட்டுவிட்டார். ஜவுளிக்கடைக்குக் கொண்டுபோகிற பொம்மை அது! பஸ் முழுக்கச் சிரித்திருக்கிறது. டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்திருக்கிறார்.

நாங்கள் சிரித்த சிரிப்பில் அம்மாவுக்குப் புரையேறியது. அப்பா கொஞ்ச நேரம் முறைத்தார். அப்புறம் அவரும் சிரித்துவிட்டார். தலை அவர் தட்டில் விழுந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இது வழக்கமாகிவிட்டது. ஒருநாள் அம்மா ஒரு காலில் தன் செருப்பும் மறுகாலில் அப்பா செருப்புமாகப் பெரிய மார்க்கெட் முழுக்கச் சுற்றிவிட்டு வந்து, வாசலிலேயே "இன்னிக்குத் தல எனக்குத்தான்!" என்று கத்தினாள். எவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்!

அத்தைக்கும் அசிங்கத்துக்குக் குறைவே இல்லை. சொந்தக்காரர் கல்யாணத்துக்கு மாதா கோயிலுக்குப் போயிருந்தோம். விடியுமுன் எழுந்தவள், பெஞ்சில் சாய்ந்து தூங்கிவிட்டாள். சாமியார் மாப்பிள்ளையைப் பார்த்துச் சம்மதமா என்று கேட்கிறார். கோயில் முழுக்க அமைதி. அத்தை தூக்கத்தில், துறைமுகக் குரலில், "மூணு தரம்!" என்றாளே பார்க்கணும்! மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்து, பெண் சிரித்து, சாமியார் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அன்று ராத்திரி ஏலம் நடத்தவே தேவைப்படவில்லை. தலையை அவளே தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

இதில் அவள் இரண்டு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தாள். ஒன்று, தட்டுக்கு முன்னால் சொன்னதற்குத் திட்டு கிடையாது, அடி கிடையாது. நான் பரிட்சைப் பேப்பரில் அப்பா கையெழுத்தை நானே போட்டதைத் தலைக்கு ஆசைப்பட்டு உளறிவிட்டேன். அப்பா கையை ஓங்கினார். "தட்டு முன்னாடி சொன்னதுக்குத் தண்டன கெடையாது, ஒக்காருடா" என்று அத்தை போட்ட அதட்டலில் அவர் கை அப்படியே இறங்கிவிட்டது. மறுநாள் பொறுமையாகப் பேசினார். அடி விழவில்லை.

இன்னொன்று, அவரவர் அசிங்கத்தைத்தான் கொண்டுவர வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா வழுக்கி விழுந்ததை நான் ஒருநாள் நடித்துக் காட்டினேன். எல்லாரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அது அவ வலையில விழுந்த மீனு. அத நீ எடுத்தாந்து இங்க ஏலம் போடுவியா? அதுக்குப் பேரு திருட்டு. அவ வந்து சொன்னா சிரிக்கலாம். நீ சொல்லாத."

அவ்வளவுதான். எனக்கு வால்.

நஸ்ரின் என் வகுப்புத் தோழி. அவள் முதல்தடவை சாப்பிட வந்தபோது பயந்துபோய்விட்டாள். "இன்னாடி, ஒங்க வீட்ல எல்லாரும் எப்பவும் சண்ட போட்டுட்டே இருப்பீங்களா?" என்று என் காதில் கேட்டாள். அடுத்த கால்மணி நேரத்தில், பள்ளிவாசல் தெருவில் நடந்துபோகும்போது வேறு யாரோ ஒருவரை வாப்பா என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டு கடைவரைக்கும் போன கதையைச் சொல்லித் தலையை வாங்கிக்கொண்டாள். அப்புறம் வாரம் தவறாமல் வர ஆரம்பித்துவிட்டாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், சில நாள் அத்தையைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மனுஷி கொஞ்சம் சும்மா இருக்க விடுகிறாளா? கதவைச் சாத்தினால் தட்டுவாள். தலைவலி என்றால் நெற்றியில் தைலத்தை அப்பிக்கொண்டே கேள்வி கேட்பாள். தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போகலாம் என்றால் விடவே மாட்டாள். "தட்டு எழுந்து நடக்காது. நீதான் ஒக்காரணும்" என்பாள். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும்போது, அந்த ஒரு மாதம், அந்த வட்டத்தில் உட்காருவது எனக்கு நரகமாக இருந்தது.

பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நான் தனியாகப் பாடினேன். கோயில் பாடகர் குழுவில் சின்ன வயதிலிருந்தே பாடுகிறவள், எனக்கென்ன பயம்? நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மேலே ஏறுகிற இடத்தில் குரல் உடைந்துவிட்டது. கீச்சென்று ஒரு சத்தம். சமாளித்துப் பாடி முடித்தேன், கைதட்டினார்கள், இறங்கிவிட்டேன். அத்தோடு போயிருந்தால் அன்று ராத்திரி அந்தக் கீச்சுக்கே எனக்குத் தலை கிடைத்திருக்கும்.

போகவில்லை. யாரோ அதை வீடியோ எடுத்திருந்தார்கள். குரல் உடைகிற இடத்தில் காக்கா கத்துகிற சத்தத்தைச் சேர்த்து, பேர் தெரியாத ஒரு பக்கத்தில் போட்டுவிட்டார்கள். "நம்ம ஸ்கூல் காக்கா." நான் கறுப்பு. அதையும் சேர்த்துக்கொண்டார்கள். கீழே என்னென்னவோ எழுதினார்கள். என் முகத்தில் காக்கா மூக்கை ஒட்டி ஸ்டிக்கர் செய்தார்கள். வகுப்பு குரூப்பில் யாராவது குட் மார்னிங் சொன்னால் பதிலுக்கு அந்த ஸ்டிக்கர். நான் வகுப்புக்குள் நுழைந்தால் பின்பெஞ்சிலிருந்து மெதுவாக ஒரு "கா". யார் என்று திரும்பிப் பார்த்தால் எல்லா முகமும் புத்தகத்தைப் பார்க்கும்.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் போனைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயம். அதைவிட, அம்மா அந்த வீடியோவைப் பார்த்துவிடுவாளே என்ற பயம். நஸ்ரினிடம்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை. பாட்டு நின்றது. மாதா திருநாள் வந்துகொண்டிருந்தது. கூட்டுப் பூசையில் நன்மை கொடுக்கிற நேரத்து, அதாவது சாமியார் அப்பம் கொடுக்கிற நேரத்துப் பாட்டைத் தனியாகப் பாட என்னைத்தான் சொல்லியிருந்தார்கள். தொண்டை சரியில்லை, வேறு ஆளைப் பாருங்கள் என்று பாடகர் குழு அண்ணனிடம் சொல்லிவிட்டேன். ஒருநாள் பள்ளிக்கூடக் கழிவறையில் நின்றுகொண்டு, நான் இல்லாமலே போய்விட்டால் இந்தச் சிரிப்பு நின்றுவிடும் என்றுகூட நினைத்தேன்.

ஏழு மணிக்கு மூடியில் கரண்டி தட்டும். போய் உட்காருவேன்.

"நீ சொல்லு மருமவளே!"

"ஒண்ணுமில்ல அத்த."

வால் விழும். மறுநாளும் "ஒண்ணுமில்ல". மறுநாளும் வால். தலைக்குச் சண்டை போடுகிறவள் நான். எங்கள் வீட்டிலேயே வாய்க்காரி நான்தான். அப்பா வண்டியில் நடந்ததைச் சொல்வார், அம்மா சிரிப்பாள், நான் வாலில் முள் எடுத்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் அத்தை சமையல்கட்டில் அம்மாவிடம் ரகசியம் பேசினாள். அவள் ரகசியம்தான் உங்களுக்குத் தெரியுமே, எனக்கு அறையில் கேட்டது.

"ஏம்மா, இந்தப் பொண்ணு இன்னாத்துக்குத் தெனமும் வாலு தின்னுது? இவ வாலு தின்ற ஆளா?"

அதற்கு இரண்டொரு நாள் கழித்துத்தான் அந்தச் சாயங்காலம் வந்தது. அத்தை முகமெல்லாம் பல்லாக இருந்தாள். மூடியைத் தட்டிய தட்டில் மூடியே நெளிந்துவிட்டது. நல்ல பெரிய கொடுவா. தலையைத் தூக்கிப் பிடித்தாள்.

"இன்னிக்கு ஏலமே கெடையாது! கேக்காமயே தல எம் மருமவளுக்குத்தான்!"

"இன்னா அக்கா விசேஷம்?" என்றார் அப்பா.

"துறைமுகமே இன்னிக்கு இவ பாட்டத்தான் கேட்டுச்சி! அரியாங்குப்பத்துலேருந்து மீன் வாங்க வருமே ஒரு பொண்ணு, அது காட்டிச்சி. அது மவ போன்ல வந்துதாம். இது ஒங்க தம்பி பொண்ணுதானன்னு கேட்டுச்சி. நான் சும்மா இருப்பனா? என் போனுக்கு வாங்கி எங்க குரூப்பு பூராவுக்கும் போட்டுட்டேன்! ஐஸ்காரரு கேட்டாரு, வண்டிக்காரங்க கேட்டாங்க, படகுல இருந்தவங்க எறங்கி வந்து கேட்டாங்க! சத்தமா வெச்சி நானே எல்லாருக்கும் காட்டுனேன்!"

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே போட்டேன். காதுக்குள் 'ஞொய்' என்றது. அப்புறம் நான் கத்தினேன். அத்தை ரத்தம்தானே, அன்றுதான் எனக்கும் அந்தக் குரல் இருப்பது தெரிந்தது.

"அய்யோ அத்த! அது பாட்டு இல்ல! என்னக் கேவலப்படுத்திப் போட்ட வீடியோ! அந்தக் காக்கா சத்தம் ஒனக்குக் கேக்கவே இல்லியா?"

அத்தை திகைத்துப் போனாள்.

"காக்காவா? எங்க துறைமுகத்துல காக்கா தெனமும்தானம்மா கத்துது..."

அதுதான் நடந்திருக்கிறது! தலைக்கு மேல் காக்காக்கூட்டம் கத்திக்கொண்டிருக்கிற இடத்தில் நின்று அந்த வீடியோவைக் கேட்டிருக்கிறாள். போனுக்குள் கத்திய காக்காவை வெளியே கத்துகிற காக்கா என்று நினைத்துவிட்டாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். ஸ்டிக்கர், பின்பெஞ்சு, கறுப்பு, கழிவறையில் நினைத்தது, எல்லாம். அம்மா எச்சில் கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். அப்பா எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

"குடு அந்தப் போன! இந்தக் கருமம் இருந்தாத்தான இதெல்லாம்?"

"ஒக்காருடா தம்பி." அத்தை இதைச் சத்தமாகச் சொல்லவில்லை. "தட்டு முன்னாடி சொல்லியிருக்கு பொண்ணு. போனப் புடுங்குனா அது தண்டன இல்லாம வேற இன்னா?"

அப்பா நின்றார். என்னைப் பார்த்தார். மெதுவாக உட்கார்ந்தார். "நாளைக்கு லீவு போடுறேன்" என்றார். "ஸ்கூலுக்கு நானும் அம்மாவும் வர்றோம். நீ தனியாப் போக வேணாம்."

அத்தை கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன் மீன நான் ஏலம் போட்டுட்டனே மருமவளே" என்றாள். "நானே சட்டம் சொல்லிட்டு, நானே திருடிட்டேன். இன்னிக்குப் பெரிய அசிங்கம் என்னுதுதான்."

"இல்ல, என்னுதுதான்" என்றேன் விசும்பலோடு.

"எப்பிடி? நான் ஊரையே கூட்டிக் காட்டியிருக்கேன்!"

"என் மூஞ்சில காக்கா மூக்கு ஒட்டியிருக்காங்க!"

"ஐஸ்காரரு ரெண்டாந்தரம் போடச் சொன்னாரு. போட்டேன்!"

"டீச்சர் என்ன அட்டெண்டன்ஸ்ல கூப்டதுக்கு எவனோ கான்னான்!"

"நான் அதக் கேட்டு அழுதேம்மா! சந்தோஷத்துல!"

அம்மா அழுதுகொண்டே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கும் மூக்கு வழிந்துகொண்டே சிரிப்பு வந்தது. வந்ததே என்று எனக்கே ஆச்சரியம். அத்தை கரண்டியைக் கொடுக்க, அன்று அப்பாதான் முதல்முதலாக ஏலம் கூவினார். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" கரண்டியால் தலையை இரண்டாகப் பிளந்து ஆளுக்குப் பாதி போட்டார்.

அப்பாவும் அம்மாவும் என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். நாங்கள் போகும்போதே நஸ்ரின் வாசலில் நின்றாள். அவள் அந்தப் பக்கத்தில் வந்ததையெல்லாம் ஆரம்பத்திலிருந்தே போட்டோ பிடித்து வைத்திருந்தாள். "நீ பேசாமப் போயிட்டியே, யார்ட்ட குடுக்கறதுன்னு தெரியாம வெச்சிருந்தேன்" என்றாள். அத்தனை அசிங்கத்துக்கு நடுவில் ஒருத்தி மட்டும் சொந்தப் பேரைப் போட்டு, "அவ நல்லாத்தான் பாடினா" என்று எழுதியிருந்தாள். நஸ்ரின்தான். நான் அதுவரை அதைப் பார்க்கவே இல்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் எல்லாவற்றையும் கடைசிவரை பார்த்தார். அந்தப் பக்கம் காணாமல் போனது. என் வகுப்பிலேயே இரண்டு பேர் அப்பா அம்மாவோடு வந்து நின்றார்கள். ஒருத்தி மன்னிப்புக் கேட்டாள், ஒருத்தன் கேட்கவில்லை. ஸ்டிக்கர் எங்கேயோ யார் போனிலோ இன்னும் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

அத்தைக்குத்தான் மனசு ஆறவில்லை. துறைமுகத்தில் ஒவ்வொருவரிடமும் போய் வீடியோவை அழிக்கச் சொல்வேன் என்று கிளம்பினாள். திரும்பி வந்தபோது முகத்தில் ஒரே குழப்பம்.

"யாரும் அழிக்க மாட்டேன்றாங்க."

"ஏன்?"

"நல்லாத்தான பாடுது பொண்ணு, ஏன் அழிக்கணும்ன்றாங்க. காக்கா சத்தம் இருக்கேன்னேன். நம்ம காக்காதான, அதுக்கு இன்னா இப்போன்றாங்க!"

அடேங்கப்பா! தேங்காய்த்திட்டில் ஒருவருக்குக்கூட அது கேலியாகப் படவில்லை. அங்கே நான் பெரிய பாடகி. பள்ளிக்கூடத்தில் என்னை வெட்டி ஒட்டிக் கேவலப்படுத்த, எங்கள் அத்தை புரியாமல் எனக்கு ஒரு ரசிகர் கூட்டத்தையே சேர்த்துவிட்டிருக்கிறாள். "திருநாளுக்குப் பொண்ணு பாடுமாமே, நாங்கல்லாம் வர்றோம்னு சொல்லிட்டாங்க. நான் இன்னா சொல்றது?" என்று என் முகத்தையே பார்த்தாள். வற்புறுத்தவில்லை. நான் இரண்டு நாள் யோசித்தேன். அப்புறம் பாடகர் குழு அண்ணனிடம் போய்த் தொண்டை சரியாகிவிட்டது என்றேன்.

திருநாள் அன்று கோயிலின் பின்பாதி முழுக்கத் துறைமுகம்தான்! கனகாம்பரமும் மல்லிகையுமாக ஏலக்காரப் பெண்கள், வெள்ளைச் சட்டையில் ஐஸ்காரர். நெற்றியில் குங்குமம் வைத்தவர்களும் பாதிக்குப் பாதி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் ஒரு பெஞ்சில் இருந்தார்கள். நன்மைக்கு வரிசை நகர ஆரம்பித்தது. நான் பாட ஆரம்பித்தேன். குரல் நடுங்கவில்லை. மேலே ஏறுகிற இடம் வந்தது. ஏறினேன்.

உடைந்துவிட்டது. அதே கீச்சு, கோயில் மைக்கில்!

ஆர்மோனியம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. பள்ளிக்கூட பெஞ்சில் ஒரு போன் மேலே எழுந்தது. அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. சுருதி கிடையாது, தாளம் கிடையாது. விடியற்காலையில் அத்தனை எஞ்சினுக்கும் மேலே கேட்குமே, அந்தக் குரல், நான் விட்ட வரியைப் பிடித்து எகிறியது. சாமியார் கையில் அப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டார். அத்தை நிறுத்தவில்லை. அவளோடு துறைமுகமே சேர்ந்துகொண்டது. முழு வரி யாருக்குத் தெரியும்? தெரிந்த "மரியே" ஒன்றை மட்டும் எல்லாரும் சேர்ந்து தூக்கினார்கள் பாருங்கள், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது! நஸ்ரின் கடைசித் தூணோரம் நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். அந்த போன் எப்போது கீழே இறங்கியது என்று நான் பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மறுபடி மேலே ஏறினேன். இந்தத் தடவை குரல் நின்றது.

மத்தியானம் எங்கள் வீட்டு வட்டத்தில் இடமே இல்லை. நஸ்ரினும் இருந்தாள். அத்தை தலையைத் தூக்கினாள்.

"யாரு மொதல்ல?"

"கோயில்ல அழுதுட்டேன்" என்றார் அப்பா. "பக்கத்துல இருந்தவரு கர்ச்சீப் குடுத்தாரு. மூக்கச் சிந்திட்டு அவர்கிட்டயே குடுத்துட்டேன்."

"அது ஒரு அசிங்கமா? நான் பூசையவே நிறுத்திட்டேன்டா!" என்றாள் அத்தை. அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு மருமவளே."

"எனக்கு ஒண்ணுமில்ல அத்த."

கரண்டி அப்படியே நின்றது. அம்மா சோறு பிசைவதை நிறுத்தினாள். அந்த வார்த்தையை அந்த வீட்டில் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது.

"பாட்டு ஒடஞ்சிச்சே?" என்றாள் அத்தை மெதுவாக.

"ஒடஞ்சிது. எல்லாரும் பாத்தாங்க. எனக்கு அசிங்கமா இல்ல அத்த. நெசமாவே ஒண்ணுமில்ல."

அவள் குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். மீன் வாங்குமுன் செவுளைத் தூக்கிப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் தெருமுனைப் பால் பூத்து வரைக்கும் கேட்கிற மாதிரி, "ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!" என்று கூவி, தலையைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, சட்டியைத் துழாவி வாலை எடுத்து எனக்கு வைத்தாள்.

முள்ளைக்கூட விடாமல் சப்பிச் சாப்பிட்டேன்.